மலைக்குள் வளர்ந்த கனிமங்களுக்கு வயது காண்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்டத்தட்டுகள் மோதி மலைகள் எழும்போது ஆழத்தில் புதையுண்ட பாறைகள் உருமாறுகின்றன. அவற்றுக்குள் புதிய கனிமங்கள் வளர்கின்றன. அந்தக் கனிமங்களின் வயதை எப்படி அளக்கிறார்கள், அளந்து வந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று மாணவர்களும் ஆர்வலர்களும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இமயமலையிலிருந்தும் ஆல்ப்ஸிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் எடுக்கப்பட்டவை. மதுரையைச் சுற்றியுள்ள பாறைகளும் ஒரு பழைய மலைத்தொடரின் அடிவேர் என்பதால் அவற்றுக்கும் இங்கே இடம் உண்டு.

திடமான கல்லுக்குள் கனிமம் ‘வளர்கிறது’ என்றால் என்ன பொருள்?

கடலடியில் படிந்த சேறு மடிந்து 20 அல்லது 30 கிலோமீட்டர் ஆழத்துக்குப் போனால், அங்குள்ள வெப்பத்தையும் அழுத்தத்தையும் அதன் களிமண் கனிமங்கள் தாங்குவதில்லை. அவை ஒன்றோடொன்று வினைபுரிந்து, தம்மிடமிருந்த நீரை வெளியேற்றி, வேறு கனிமங்களாகின்றன. இதற்குப் பாறை உருக வேண்டியதில்லை. திடநிலையிலேயே, துகள்களின் ஓரங்களில் கசியும் சிறிதளவு நீரின் துணையோடு அணுக்கள் இடம்பெயர்ந்து புதிய படிகங்களாக அடுக்கிக்கொள்கின்றன. வெப்பம் ஏற ஏற எந்தக் கனிமம் எதற்குப் பின் தோன்றும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. புவியியலாளர் ஜார்ஜ் பாரோ ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில் 1893ஆம் ஆண்டில் வரையத் தொடங்கி, பின்வந்தோர் நிரப்பிய வரிசைப்படி, குளோரைட்டுக்குப் பின் பயோடைட்டும், அதன்பின் கார்னெட், ஸ்டாரோலைட், கயனைட், சில்லிமனைட் ஆகியவையும் தலைகாட்டுகின்றன. ஆகவே ஒரு கார்னெட் மணி எப்போது வளர்ந்தது என்று தெரிந்தால், அந்தப் பாறை அந்த ஆழத்தையும் வெப்பத்தையும் எப்போது எட்டியது என்பதும் தெரிந்துவிடும்.

உருமாறிய பாறைக்கு ‘இத்தனை கோடி ஆண்டு’ என்று ஒரே வயது சொல்ல முடியாதா?

முடியாது. செய்தித்தாள்களில் வரும் பெரும்பாலான குழப்பங்களுக்கு இந்த ஒற்றை எண் மீதான ஆசையே காரணம். ஒரு பாறைக்குக் குறைந்தது மூன்று வயதுகள் உண்டு: மூலப்பொருள் படிந்த அல்லது உருகி உறைந்த காலம், உருமாற்றத்தில் கனிமங்கள் வளர்ந்த காலம், மேலெழும்பி ஆறிய காலம். ஆய்வுக்கூடத்தில் எந்தக் கனிமத்தை எந்த முறையில் அளந்தோம் என்பதைப் பொறுத்து இவற்றுள் ஒன்று கிடைக்கும்; சில வேளைகளில் இரண்டுக்கும் நடுவில் அர்த்தமற்ற ஒரு கலவை எண்ணும் கிடைக்கும்.

சென்னைப் பல்லாவரத்துக் கருங்கல்லையே எடுத்துக்கொள்ளலாம். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைமீது கிடந்த கல் இந்த வகையைச் சேர்ந்தது என்பதால் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் இதற்குச் சார்னோகைட் என்று 1893ஆம் ஆண்டில் பெயரிட்டார். இதே வகைக் கல் பெங்களூருக்குத் தெற்கே கப்பால்துர்காவிலும் திருவனந்தபுரத்துக்கு அருகே பொன்முடியிலும் கிடைக்கிறது. இரண்டு இடங்களிலும் வெளிறிய நீஸ் என்ற வரிவரியான உருமாறிய பாறைக்குள் பச்சை கலந்த கருந்திட்டுகளாகச் சார்னோகைட் பரவி, பாதி வழியில் நின்றுபோயிருப்பதைக் காணலாம். இரண்டு கற்களையும் அருகருகே வைத்தால் பழகிய கண்ணும் தடுமாறும். ஆனால் கப்பால்துர்காவில் அந்த மாற்றம் நடந்தது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. பொன்முடியில் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. தோற்றத்தை வைத்துக் காலம் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இந்தப் பக்கத்தில் இல்லை.

வயதைச் சொல்லும் இந்தக் கனிமக் கடிகாரங்கள் எப்படி வேலை செய்கின்றன?

சில தனிமங்களின் ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணுவகைகள், மாறாத வேகத்தில் சிதைந்து வேறு தனிமங்களாகின்றன. சிதைவதைத் தாய் என்றும் விளைவதைச் சேய் என்றும் சொல்வது வழக்கம். யுரேனியம்-238 ஈயம்-206 ஆவதற்கான அரைவாழ்வு, அதாவது தாயில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 447 கோடி ஆண்டு; பொட்டாசியம்-40க்கு 125 கோடி; லுட்டீசியம்-176 ஹாஃப்னியம்-176 ஆவதற்குச் சுமார் 3,700 கோடி; சமாரியம்-147 நியோடிமியம்-143 ஆவதற்குச் சுமார் 10,600 கோடி. கடைசி இரண்டும் அண்டத்தின் வயதையே மிஞ்சுவதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. சிதைந்த பங்கு மிகச் சிறியதாக இருந்தாலும், அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறைமாலைமானி அதை எண்ணிவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒரு கார்னெட்டில் லுட்டீசியம்-176க்கும் ஹாஃப்னியம்-177க்கும் உள்ள விகிதம் 1 என்று வைத்துக்கொள்வோம். 55 கோடி ஆண்டுகளில் அதன் ஹாஃப்னியம்-176, ஹாஃப்னியம்-177 விகிதம் சுமார் 0.0103 கூடும். தொடக்கத்தில் அது 0.28 அளவில் இருந்திருக்கும். அளக்கும் பிழையோ ஐந்தாம் தசம இடத்தில்தான் வருகிறது. எனவே வயது திருத்தமாக அமையும். அதே கார்னெட் ஒரு கோடி ஆண்டு மட்டுமே பழமையான இமயமலைப் பாறையிலிருந்து வந்தது என்றால் கூடுதல் வெறும் 0.00019; அங்கே அளவைப் பிழையே வயதில் ஐந்து, பத்து விழுக்காடாகிவிடும். இளம் மலைகளில் லுட்டீசியம் மிகுந்த மணிகளைத் தேடித் திரிவதன் காரணம் இதுதான்.

தொடக்கத்தில் சேய் எவ்வளவு இருந்தது என்பது தெரியாதே என்று கேட்கலாம். அதற்காகத்தான் ஒரே பாறையிலிருந்து கார்னெட்டையும், கார்னெட் நீங்கிய மற்றப் பொடியையும் தனித்தனியே அளந்து, வரைபடத்தில் புள்ளிகளாக இட்டு அவற்றின் வழியே ஒரு நேர்கோடு வரைகிறார்கள். இதைச் சமவயதுக் கோடு எனலாம். கோட்டின் சரிவு வயதைத் தரும். அது செங்குத்து அச்சை வெட்டும் இடம் தொடக்க அளவைத் தரும். எல்லாக் கனிமங்களும் ஒரே காலத்தில், ஒரே தொடக்க விகிதத்துடன் பிறந்தவை என்ற நிபந்தனை இதில் ஒளிந்திருக்கிறது. பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இந்த நிபந்தனை உடைவதால் வருபவையே.

கார்னெட்டுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

அது மரத்தைப் போல உள்ளிருந்து வெளியே வளர்கிறது. வளர்ந்த அடுக்குகளை எளிதில் அழித்துக்கொள்வதும் இல்லை. ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கார்னெட்டை நடுவே அறுத்து, மின்னணுக் கற்றையைப் பாய்ச்சித் தனிமங்களை அளக்கும் மின்னணு நுண்ணாய்வியில் மாங்கனீசு எங்கெங்கே இருக்கிறது என்று படம் எடுத்தால், நடுவில் பிரகாசமாகத் தொடங்கி ஓரத்தை நோக்கி மங்கும் வட்டங்கள் தெரியும். மணி வளரத் தொடங்கியபோது சுற்றுப்புறத்திலிருந்த மாங்கனீசை முதலில் வாரி எடுத்துக்கொண்டது. பிறகு கிடைத்தது குறைவு. லுட்டீசியமும் பெரும்பாலும் அப்படித்தான் நடுவில் குவிகிறது. நடுப்பகுதிக்குள் சிக்கியிருக்கும் நுண்ணிய குவார்ட்ஸ் துணுக்குகள் வரிவரியாக ஒரு திசையில் கிடக்கும். ஓரத்தை நெருங்கும்போது அந்த வரிகள் வளைந்து, சில மணிகளில் பனிப்பந்தை உருட்டியதுபோல் சுருண்டே போயிருக்கும். மணி வளர்ந்துகொண்டிருக்கும்போதே சுற்றியிருந்த பாறை நசுங்கி வழுக்கியதன் பதிவு அது. போதாக்குறைக்கு, கார்னெட்டின் இரும்பு, மக்னீசியம், கால்சியம் அளவுகளைப் பக்கத்துக் கனிமங்களோடு ஒப்பிட்டு வெப்பநிலையையும் அழுத்தத்தையும் கணிக்கலாம். காலம், ஆழம், நசுங்கல் ஆகிய மூன்றையும் ஒரே மணியில் வைத்திருக்கும் கனிமம் வேறு அதிகம் இல்லை.

இதைப் பயன்படுத்தி 1989ஆம் ஆண்டில் கிறிஸ்டென்சன், ரோசன்ஃபெல்ட், டிபாவ்லோ ஆகிய மூவரும் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துப் பெரிய கார்னெட்டுகளின் நடுப்பகுதியையும் ஓரத்தையும் ருபீடியம், ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்புகள் கொண்டு தனித்தனியே அளந்தார்கள். ஒரு மணி வளர்ந்து முடிய சராசரியாகச் சுமார் ஒரு கோடி ஆண்டு ஆகியிருந்தது. ஆரம் பத்து லட்சம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் கூடியிருந்தது. எல்லா இடத்திலும் இப்படி ஆமை வேகமில்லை. ஏஜியன் கடலில் உள்ள சிஃப்னோஸ் தீவின் பாறைகளில், மணியை அடுக்கடுக்காக நுண்துளையிட்டு எடுத்து சமாரியம் முறையில் அளந்தபோது, வளர்ச்சியின் பெரும்பகுதி பத்து லட்சம் ஆண்டுக்கும் குறைவான ஒரு பாய்ச்சலில் நடந்தது தெரியவந்தது. நீர் திடீரெனப் பெருமளவில் வெளியேறிய கட்டம் அது என்பது அதன் விளக்கம்.

ஒரே கார்னெட்டில் லுட்டீசியம் முறை ஒரு வயதும் சமாரியம் முறை வேறு வயதும் தந்தால் எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம், எதற்குரியவை என்று தெரிந்துகொண்டால். லுட்டீசியம் நடுவில் குவிந்திருப்பதால் அந்த வயது வளர்ச்சியின் தொடக்கத்தை நோக்கிச் சாயும். சமாரியம் அவ்வளவு குவிவதில்லை. மணியின் கன அளவில் பெரும்பகுதி வெளியடுக்குகளில்தான் இருக்கிறது என்பதால் அந்த வயது வளர்ச்சியின் பிற்பகுதியை நோக்கிச் சாயும். எனவே லுட்டீசியம் வயது மூத்ததாக இருப்பது இயல்பு. மிக உயர்ந்த வெப்பத்தில் நீண்டநாள் கிடந்த பாறையில் நியோடிமியம் நழுவியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்போது சமாரியம் வயது ஆறிய காலத்தைத்தான் காட்டும்.

மாறாகச் சமாரியம் வயது மூத்ததாக வந்தால் சந்தேகப்பட வேண்டும். கார்னெட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் சிக்கியிருக்கும் மோனசைட், அபடைட் என்ற பாஸ்பேட் கனிமங்களின் துணுக்குகள் நியோடிமியம் முழுவதையும் தம் பக்கம் இழுத்திருக்கக்கூடும். ஹாஃப்னியத்துக்குச் சிர்கான் என்ற சிர்கோனியக் கனிமம் அதே தொல்லையைத் தருகிறது. அதனால்தான் பொடித்த கார்னெட்டை அமிலத்தில் அரைகுறையாகக் கழுவி, மோனசைட், அபடைட் துணுக்குகளை நீக்கிய பிறகு அளக்கிறார்கள். லுட்டீசியம் முறையில் உயரழுத்தக் கலத்தைத் தவிர்த்து, வெறும் சூடேற்றும் தட்டின்மீது அமிலத்தை வைத்துக் கார்னெட்டைக் கரைத்தால், சிர்கான் கரையாமல் அடியில் தங்கிவிடும். சமையலறையில் அரிசியிலிருந்து கல்லை அரித்தெடுப்பது போன்ற வேலைதான், பொறுமையும் அப்படியே வேண்டும்.

மோனசைட் என்பது மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிறதே, அதுவா?

அதுவேதான். கன்னியாகுமரிக் கடற்கரை மணலில் தோரியத்துக்காகப் பிரித்தெடுக்கப்படும் அந்தப் பாஸ்பேட் கனிமம், மலைகளின் வேரில் நடந்ததைச் சொல்லும் மிகச் சிறந்த சாட்சிகளுள் ஒன்று. அது வளரும்போது தோரியத்தையும் யுரேனியத்தையும் ஏராளமாக ஏற்கிறது, ஈயத்தைப் பெரும்பாலும் ஒதுக்குகிறது. ஆகவே உள்ளே இருக்கும் ஈயம் ஏறக்குறைய முழுவதும் சிதைவால் வந்தது. சற்றுப் பழைய மோனசைட்டில் இந்த ஈயம் மிகுதி என்பதால், ஐசோடோப்புகளைப் பிரிக்காமலே மின்னணு நுண்ணாய்வியால் தோரியம், யுரேனியம், ஈயம் ஆகியவற்றின் மொத்த அளவை அளந்து வயது கணிக்கவும் முடியும். அளக்கும் புள்ளி ஓரிரு மைக்ரான் அகலமே இருக்கும்.

இதில் உள்ள நுட்பம் இட்ரியம். கார்னெட் இட்ரியத்தை விரும்பி உண்ணும் கனிமம். கார்னெட் தோன்றும் முன் வளர்ந்த மோனசைட்டில் இட்ரியம் மிகுந்திருக்கும். கார்னெட் வளர்ந்துகொண்டிருந்தபோது பிறந்த பகுதியில் குறைந்திருக்கும். பாறை மேலெழும்பிக் கார்னெட் சிதையத் தொடங்கியதும் இட்ரியம் விடுபட்டு, மோனசைட்டின் வெளி ஓரத்தில் மீண்டும் கூடியிருக்கும். 50 மைக்ரான் அகலமான ஒரு துகளில், அதாவது ஒரு தலைமயிரின் தடிமனுக்குள், நடுவில் ஒன்றும் இடையில் ஒன்றும் ஓரத்தில் ஒன்றுமாக மூன்று வயதுகள் கிடைக்கலாம். ஒவ்வொன்றையும் கார்னெட்டின் பிறப்போடும் வளர்ச்சியோடும் அழிவோடும் பொருத்தலாம். துகளைப் பாறையிலிருந்து பிரித்தெடுக்காமல், ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்த மெல்லிய பாறைச் சீவலில் அது இருக்கும் இடத்திலேயே அளப்பது இதனால்தான் பெருமதிப்புப் பெறுகிறது. கார்னெட்டுக்குள் அடைபட்ட மோனசைட்டும் வெளியே கிடக்கும் மோனசைட்டும் ஒரே கதையைச் சொல்வதில்லை.

இமயமலை போன்ற இளம் மலைகளில் ஓர் எச்சரிக்கை தேவை. மோனசைட் வளரும்போது யுரேனியச் சிதைவுத் தொடரின் இடைவிளைவான தோரியம்-230ஐயும் சேர்த்து உள்வாங்கிவிடுகிறது. அது பின்னர் ஈயம்-206 ஆகி யுரேனியம் வயதைக் கூட்டிக் காட்டும். 50 கோடி ஆண்டுப் பாறையில் இது பொருட்டே அல்ல. ஒரு கோடி ஆண்டுப் பாறையில் கணிசமான பிழை. ஆகவே அங்கே தோரியம்-232, ஈயம்-208 இணையையே நாடுகிறார்கள்.

எல்லோரும் சொல்லும் சிர்கான் போதாதா?

தீப்பாறைகளுக்குப் பெரும்பாலும் போதும். உருமாறிய பாறைகளில் சிர்கான் சற்றுப் பிடிவாதக்காரர். 700 டிகிரி வெப்பத்திலும் பழைய வயதை விடாமல் வைத்துக்கொண்டு, வெளியே ஓடுபோல மெல்லிய ஒரு புதிய அடுக்கை மட்டும் வளர்த்துக்கொள்ளும். முழுத் துகளையும் கரைத்து அளந்தால் பழைய நடுவும் புதிய ஓடும் கலந்து, எந்த நிகழ்ச்சிக்கும் உரியதல்லாத ஒரு நடுத்தர எண் வரும். 1980 வாக்கில் கான்பராவில் வில்லியம் காம்ப்ஸ்டனும் அவருடைய குழுவினரும் இயக்கத் தொடங்கிய அயனி நுண்ணாய்வி 20, 30 மைக்ரான் அகலப் புள்ளியை மட்டும் சுரண்டி அளக்க வழி செய்தது. நடுப்பகுதியையும் ஓடுபோன்ற அடுக்கையும் பிரித்துப் பார்க்க முடிந்தது. இன்று லேசர் கொண்டும் அதைச் செய்கிறார்கள்.

அந்த ஓடு எப்போது வளர்ந்தது என்பதற்கு ஈயம் விடை தரும். எந்தச் சூழலில் வளர்ந்தது என்பதற்கு அரிய மண் தனிமங்கள் விடை தரும். இட்டர்பியம், லுட்டீசியம் போன்ற கனமானவை குறைந்திருந்தால், அவற்றைத் தின்னும் கார்னெட் அருகில் இருந்தது என்று பொருள். டைட்டேனியத்தின் அளவு வெப்பநிலையைச் சொல்லும்.

இத்தகைய கருவிகள் வயது தெரிந்த ஒரு துகளை இடையிடையே அளந்து தம்மைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு உலகெங்கும் பயன்பட்டுவரும் தரத்துகள்களில் பல இலங்கையின் இரத்தினக்கல் படிவுகளிலிருந்து வந்த சிர்கான்கள். அவற்றின் வயது 56 கோடி ஆண்டையொட்டி இருக்கிறது. இலங்கையின் நடுமேட்டுநிலப் பாறைகள் கடும் வெப்பத்தில் உருமாறிய காலமும் அந்த வாக்கிலானதே. கலை வரலாற்றாசிரியராக நாம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி, அதற்கு முன் இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் தலைவராக இருந்து, தோரியமும் யுரேனியமும் செறிந்த தோரியனைட் என்ற கனிமத்தை 1904ஆம் ஆண்டு வாக்கில் கண்டறிந்தவர் என்பதும் இந்தத் துறைக்காரர்கள் அவ்வப்போது நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி.

மூடு வெப்பநிலை என்றால் என்ன?

சூடான கனிமத்திலிருந்து சேய் அணுக்கள் கசிந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆறும்போது ஒரு கட்டத்துக்குக் கீழே கசிவு நின்றுவிடும். கடிகாரம் அப்போதிலிருந்துதான் ஓடத் தொடங்கும். மார்ட்டின் டாட்சன் 1973ஆம் ஆண்டில் இதற்குக் கணித வடிவம் தந்தார். சிர்கானில் ஈயத்துக்கு இது 900 டிகிரி செல்சியஸுக்கும் மேல். ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமத்தில், பொட்டாசியம்-40 சிதைந்து விளையும் ஆர்கானுக்குச் சுமார் 500. வெள்ளை அபிரகத்தில் 400 வாக்கில். கரிய அபிரகத்தில் சுமார் 300. துகளின் அளவும் ஆறும் வேகமும் மாறினால் இந்த எண்களும் மாறும். மனப்பாடம் செய்து ஒப்பிப்பதற்கு உரியவை அல்ல.

நாம் சிறுவயதில் ஏடு ஏடாக உரித்து விளையாடிய காக்காப்பொன்தான் அபிரகம். அதன் வயதை ‘பாறையின் வயது’ என்று எழுதுவது பெருந்தவறு. 600 டிகிரியில் உருமாறிய பாறையின் கரிய அபிரகம், அப்பாறை பல கிலோமீட்டர் மேலெழும்பி 300 டிகிரிக்கு ஆறிய நாளைத்தான் குறித்துவைத்திருக்கிறது. கார்னெட் வயதும் அபிரக வயதும் சேர்ந்தால் மலை எவ்வளவு வேகமாக அரிக்கப்பட்டது என்று கணிக்கலாம். தனித்தனியே வைத்துக்கொண்டு சண்டையிடத் தேவையில்லை.

பெரிய அளவில் தவறிய வயதுகள் உண்டா?

உண்டு, அவற்றிலிருந்து கற்றவை ஏராளம். இத்தாலியின் மேற்கு ஆல்ப்ஸில் டோரா மைரா என்ற பகுதி இருக்கிறது. அங்குள்ள வெளிர் கார்னெட்டுக்குள் கோயசைட்டை, அதாவது பேரழுத்தத்தில் மட்டுமே உருவாகும் குவார்ட்ஸின் உடன்பிறப்பை, கிறிஸ்தியான் ஷொப்பான் 1984ஆம் ஆண்டில் அறிவித்தார். கண்ட மேலோட்டின் ஒரு துண்டு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழம்வரை போய்த் திரும்பியிருக்கிறது என்பது அதன் பொருள். எப்போது? அபிரகத்தின் ஆர்கான் வயதுகள் 10 கோடி ஆண்டு என்றன. ஆல்ப்ஸின் வரலாறே அதைச் சுற்றி எழுதப்பட்டது. பின்னர் சிர்கானும் டைட்டனைட்டும் அளக்கப்பட்டபோது விடை 3.5 கோடி ஆண்டு என்று வந்தது. ஆழத்தில் பழைய பாறைகளிலிருந்து விடுபட்ட ஆர்கான் வெளியேற வழியின்றி அபிரகத்துக்குள்ளேயே புகுந்து, வயதைக் கிட்டத்தட்ட மூன்று மடங்காக்கியிருந்தது.

டேனியலா ருபாட்டோவும் யோர்க் ஹெர்மனும் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட டைட்டனைட் வயதுகளும் சிர்கான் வயதும் இன்னொன்றையும் காட்டின. பேரழுத்தக் கட்டம் 3.51 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே தணிந்தது 3.29 கோடியில், மேலும் தணிந்தது 3.18 கோடியில். கணக்கிட்டால் தொடக்கத்தில் ஆண்டுக்கு 3 சென்டிமீட்டருக்கு மேல் எழுந்திருக்கிறது. கண்டத்தட்டு கீழே அமிழும் வேகத்துக்கு இது சளைத்ததல்ல.

ஒரே பாறைக்கு இரண்டு குழுவினர் வெவ்வேறு வயது சொன்னால்?

லடாக்கின் சோ மொராரிப் பகுதி அப்படிப்பட்ட இடம். இந்தியத் தட்டின் விளிம்பு ஆசியாவுக்கு அடியில் அமிழ்ந்து பேரழுத்தத்துக்கு உள்ளானதன் சான்று அங்கே இருக்கிறது. அந்த நிகழ்ச்சி 5.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது என்று ஒரு சிர்கான் ஆய்வும், 4.7 முதல் 4.3 கோடிக்குள் என்று பின்வந்த மற்றோர் ஆய்வும் கூறின. பாகிஸ்தானின் ககான் பள்ளத்தாக்கில் கோயசைட் அடங்கிய சிர்கான்கள் சுமார் 4.6 கோடி என்கின்றன. வேறுபாடு 60 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் என்பது சிறியதல்ல. இந்தியா எப்போது ஆசியாவைத் தொட்டது என்ற கேள்வியே இதில் அசைகிறது. இத்தகைய இடங்களில் யாருடைய பிழை எண் சிறியது என்று பார்ப்பதைவிட, அளந்த சிர்கான் ஓட்டுக்குள் பேரழுத்தக் கனிமம் அடைபட்டிருந்ததா, அதன் தனிமச் சுவடு கார்னெட்டோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதே என் பரிந்துரை. வயதின் தசமப் புள்ளிகள் கருவி தருபவை. அந்த வயதை ஒரு கனிம வினையோடு கட்டுவது பாறையைப் படித்தவரின் வேலை. அது இல்லாத எண்ணை நான் வயது என்று ஒப்புக்கொள்வதில்லை.

இமயமலையில் உருமாற்றம் தலைகீழாக இருக்கிறது என்கிறார்களே?

ஆம். சிக்கிமில் பள்ளத்திலிருந்து மேலேறினால் வெப்பம் குறைந்த கனிமங்களில் தொடங்கி, மேலே போகப்போக சில்லிமனைட்டை அடைகிறோம். ஆழத்தில் இருந்திருக்க வேண்டிய சூடான பாறை தலைமேல் இருக்கிறது. மையப் பெரும்பிளவின் வழியே சூடான அடுக்கு தெற்கு நோக்கித் தள்ளப்பட்டதே காரணம். அங்கே லுட்டீசியம் முறையில் அளந்த கார்னெட்டுகளில் மேலே உள்ளவை மூத்தவை, கீழே போகப்போக இளையவை. கார்னெட் முதலில் தோன்றும் அடி அடுக்கில் அது சுமார் ஒரு கோடி ஆண்டை ஒட்டி வருகிறது. அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழிருந்து ஒட்டிக்கொண்டன என்று இதைப் படிக்கிறார்கள். மத்திய நேபாளத்தில் அதே பிளவை ஒட்டிய சில மோனசைட்டுகள் 60 லட்சம் ஆண்டே ஆனவை என்று 1997ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டபோது, பிளவு எப்போதோ ஓய்ந்துவிட்டது என்று நம்பியிருந்தவர்கள் தங்கள் வரைபடங்களைத் திருத்த வேண்டியதாயிற்று.

மதுரைப் பக்கம் உயர்ந்த மலைத்தொடரே இல்லை. அங்கே ஏன் இந்த ஆய்வு?

மலையின் உச்சி எப்போதோ அரிந்து கடலுக்குப் போய்விட்டது. நாம் நிற்பது அதன் அடித்தளத்தில். பாலக்காடு, காவிரி வழியே செல்லும் நசுங்கு மண்டலத்துக்கு வடக்கே, சேலம், நீலகிரி, சென்னைப் பாறைகளின் உருமாற்றம் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானது. அதற்குத் தெற்கே மதுரை வட்டாரத்தில் கடைசிப் பெரும் உருமாற்றம் 55 கோடி ஆண்டுகளை ஒட்டியது. இந்தியா, மடகாஸ்கர், இலங்கை, கிழக்கு ஆப்பிரிக்கா, அண்டார்டிகா ஆகியவை இணைந்து கோண்டுவானாவாகிய காலம் அது. கங்குவார்பட்டி, ராஜபாளையம் போன்ற இடங்களில் குவார்ட்ஸைத் தொட்டுக்கொண்டிருக்கும் சஃபிரின் என்ற நீலநிறக் கனிமம் கிடைத்திருக்கிறது. சாதாரண மேலோட்டில் எட்ட முடியாத 900 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தின் அடையாளம் அது.

வெப்பம் இவ்வளவு இருந்தால் கடிகாரங்களுக்கு ஆபத்து. கார்னெட்டின் வளர்ச்சி வளையங்கள் பரவி அழிந்து, மாங்கனீசுப் படம் நடுவிலிருந்து ஓரம்வரை ஒரே நிறமாகத் தெரியும். சமாரியம் வயது பெரும்பாலும் ஆறிய காலத்தையே காட்டும். பாறையின் ஒரு பகுதி உருகியும் இருப்பதால், வெப்பம் ஏறும்போது சிர்கானும் மோனசைட்டும் அந்த உருகலில் கரைந்து, ஆறும்போது மீண்டும் படிந்திருக்கும். ஆகவே அவற்றின் ஓடுகள் காட்டும் வயது உச்ச வெப்பத்துக்கு உரியது என்று எண்ணிவிடக் கூடாது. உருகல் உறைந்த, அதற்குப் பிந்தைய நாளுக்கே அது பெரும்பாலும் உரியது. உச்ச வெப்பம் எப்போது தொடங்கியது, எத்தனை நாள் நீடித்தது என்ற கேள்விக்கு மதுரைப் பாறைகள் எளிதில் பிடிகொடுக்காமல் இருப்பதன் காரணம் இதுவே. கார்னெட்டுக்குள் அடைபட்டு, உருகலில் கரையாமல் தப்பிய மோனசைட்டுகளே அங்கு முற்பகுதியைச் சொல்லக்கூடிய சாட்சிகள்.

கார்பன் முறையைப் பயன்படுத்தலாமா?

கூடாது. கார்பன்-14இன் அரைவாழ்வு 5,730 ஆண்டே. ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் அளக்க எதுவும் மிஞ்சாது.

கடற்கரைச் செந்நிற மணலில் உள்ள கார்னெட்டை அளந்தால் வயது கிடைக்குமா?

எண் கிடைக்கும். ஆனால் அந்த மணி எந்தப் பாறையில், எந்தக் கனிமங்களின் நடுவே வளர்ந்தது என்ற செய்தி ஆற்றோடு போய்விட்டதே. மேலும் சமவயதுக் கோட்டுக்குத் தேவையான உடன்பிறந்த கனிமங்களும் கையில் இல்லை. எந்த மலையிலிருந்து மணல் வந்தது என்று தேடுவோருக்கு அது பயன்படும்.

மாதிரி எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வெயிலில் மக்கிய மேல்தோலைத் தவிர்த்துப் புதிதாக உடைந்த முகத்திலிருந்து எடுக்க வேண்டும். உடைக்கும் முன் பாறையின் வரிகள் எந்தத் திசையில் சாய்கின்றன என்பதைக் கல்லின்மீதே அம்புக்குறியிட்டு எழுத வேண்டும். துணிப்பையின்மேல் மட்டும் எண் எழுதி, மழையில் மை கரைந்து, ஒரு நாள் உழைப்பு முழுவதையும் பெயரில்லாக் கற்களாகச் சுமந்து திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு. கல்லிலும் பையிலும் குறிப்பேட்டிலும் எழுதுவது அதன்பின் வந்த பழக்கம். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பாதியை உடைக்காமல் வைத்திருக்க வேண்டும். மெல்லிய சீவல் எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்து, எந்தக் கனிமம் எதை விழுங்கியது, எது எதன்மேல் வளர்ந்தது என்று எழுதி முடித்த பிறகே மற்றப் பாதியைப் பொடிக்க அனுப்ப வேண்டும். பொடித்த பிறகு அதைக் கேட்க யாரும் இல்லை.